மாய வட்டத்தின் கணக்கு

ஒரு நிகழ்ச்சி நடந்து அதன் புழுதி அடங்குமுன்னரே அதைப் பற்றி எழுதப்படும் நூல்களை இலக்கிய உலகம் பெரிதாக மதிப்பதில்லை. அவசரத்தில் எழுதப்பட்டவை, ஒருதலைச் சார்பானவை, நாளேட்டுச் செய்திகளின் தொகுப்பு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்குவதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் சில வேளைகளில் அத்தகைய நூலொன்று, அதன் ஆசிரியர் எண்ணியே பாராத ஒரு பணியைச் செய்துவிடுகிறது. தாம் யாருக்காக வாதாட வந்தாரோ, அவருக்கு எதிரான சாட்சியத்தைத் தம் கையாலேயே எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறார் ஆசிரியர். 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் வெளிவந்த 'டோரி தலைமைக்கான போராட்டம்' என்னும் நூல் அவ்வகையைச் சார்ந்தது. ஆசிரியர், வின்ஸ்டன் சர்ச்சிலின் ஒரே மகனும் பத்திரிகையாளருமான ரண்டால்ஃப் சர்ச்சில்.

பிரிட்டனின் பிரதமராக இருந்த ஹரால்டு மாக்மில்லன் 1963 அக்டோபரில் திடீரெனப் பதவி விலகினார். ஆளுங்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி, ஒரு வாக்குச்சீட்டுகூட இல்லாமல், பத்தே நாள்களில் புதிய தலைவர் ஒருவரைக் கண்டெடுத்தது. அந்தக் கதையைத்தான் இந்நூல் சொல்கிறது. அதே கட்சி 2022ஆம் ஆண்டில் நான்கு மாதங்களுக்குள் இருமுறை தலைவரை மாற்றியதைக் கண்டவர்களுக்கு, இந்தப் பழைய நூலையும் அதற்கு எழுதப்பட்ட புகழ்பெற்ற மதிப்புரையையும் மீண்டும் எடுத்துப் படிப்பது வீண் வேலையாக இராது.

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மாக்மில்லன் 1957 ஜனவரியிலிருந்து பிரதமர். 1962 ஜூலையில் தம் அமைச்சர்களில் எழுவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அவருடைய செல்வாக்கு சரியத் தொடங்கியிருந்தது. 1963 ஜனவரியில் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் கதவைப் பிரெஞ்சு அதிபர் டி கால் சாத்தினார். ஜூன் மாதத்தில் போர்த்துறை அமைச்சர் புரொஃபியூமோவின் தகாத உறவும், அதை மறைக்க அவர் பாராளுமன்றத்தில் சொன்ன பொய்யும் அம்பலமாகி அவர் விலக நேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் அடுத்த தேர்தல்வரை தாமே தலைமை தாங்குவதென்று அக்டோபர் 7ஆம் நாள் மாக்மில்லன் மனத்தில் உறுதி செய்துகொண்டார். அன்றிரவே புராஸ்டேட் சுரப்பிக் கோளாறு அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. மறுநாள் மருத்துவமனை; 10ஆம் நாள் அறுவை சிகிச்சை.

அதே 10ஆம் நாள் கட்சியின் ஆண்டு மாநாடு கடற்கரை நகரமான பிளாக்பூலில் நடந்துகொண்டிருந்தது. தாம் விலகப்போவதாகவும், தலைமையைக் குறித்த வழக்கமான கலந்தாலோசனைகள் கட்சிக்குள் நடைபெறட்டும் என்றும் மாக்மில்லன் எழுதிய கடிதம் அங்கே வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அவ்வாண்டு மாநாட்டுத் தலைவராயிருந்த வெளிநாட்டமைச்சர் ஹியூம் பிரபு. அந்தப் பெயரை எழுதும்போது 'ஹோம்' என்றும் உச்சரிக்கும்போது 'ஹியூம்' என்றும் வழங்குவது ஆங்கிலேயர் மரபு. எழுதுவதொன்று, சொல்வதொன்று என்ற இவ்வழக்கம் பெயரோடு நின்றிருந்தால் நமக்கு வேலை இல்லை!

தலைமைக்குரியவர்கள் என்று அப்போது பேசப்பட்டோர் மூவர். துணைப் பிரதமர் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்த பட்லர்; நிதியமைச்சர் மாட்லிங்; பிரபுக்கள் சபையின் தலைவரான ஹெயில்ஷம் பிரபு. பிரபுப் பட்டத்தைத் துறந்துவிட்டுப் பொதுமக்கள் சபைக்கு வர வழிசெய்யும் சட்டம் அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள்தான் நிறைவேறியிருந்தது. தந்தையிடமிருந்து வந்த பட்டத்தை விட்டொழிக்க வேண்டுமென்று தொழிற்கட்சியின் டோனி பென் நடத்திய நெடும் போராட்டத்தின் பயன் அது. எதிர்க்கட்சிக்காரர் திறந்துவிட்ட கதவு வழியாக ஆளுங்கட்சிப் பிரபுக்கள் நுழையப் பார்த்தார்கள். பிளாக்பூலில் கடிதம் வாசிக்கப்பட்ட அன்று மாலையே ஹெயில்ஷம் தம் பட்டத்தைத் துறக்கப்போவதாகக் கூட்டமொன்றில் அறிவித்தார். ஆரவாரம் வானைப் பிளந்தது. அந்த ஆரவாரமே அவருக்குப் பகையும் ஆயிற்று.

இந்த இடத்தில்தான் நூலாசிரியரை நாம் நேரில் சந்திக்கிறோம். ஹெயில்ஷமின் இயற்பெயர் குவின்டின். அப்பெயரின் முதலெழுத்தைப் பொறித்த சின்னங்களைக் கைநிறைய வைத்துக்கொண்டு, மாநாட்டுக்கு வந்தோரிடம் விநியோகித்துத் திரிந்தவர் வேறு யாருமல்லர், நம் ரண்டால்ஃப் சர்ச்சிலேதான். போராட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சின்னம் விற்றவர் போராட்டத்தின் வரலாற்றை எழுதினால் எப்படியிருக்கும்? தம் ஆள் தோற்றுவிட்டபோதிலும் அவருக்கு வருத்தமில்லை. பட்லர் வராதது போதும். பட்லரின்மீதுள்ள வெறுப்பு நூல் நெடுகிலும் உப்பைப் போலக் கரைந்து கிடக்கிறது. நடை விறுவிறுப்பானது, நாள்வாரியாக ஓடுவதால் படிப்பவர் களைப்படைவதில்லை. ஆனால் பெரும்பகுதி அன்றைய நாளேடுகளிலிருந்து வெட்டி ஒட்டியது. எஞ்சிய சிறுபகுதியில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தச் சிறுபகுதி, மாக்மில்லன் நோய்ப் படுக்கையில் இருந்தபடியே நடத்திய 'கலந்தாலோசனை' பற்றியது. அக்டோபர் 14ஆம் நாள் அவர் ஒரு குறிப்பு எழுதுவித்தார். அதன்படி கருத்தறியும் வேலை நான்கு கிளைகளாகப் பிரிக்கப்பட்டது. அமைச்சரவையினரின் கருத்தை லார்டு சான்சலரான டில்ஹார்ன் பிரபு அறியவேண்டும். பொதுமக்கள் சபை உறுப்பினரின் கருத்தைத் தலைமைக் கொறடா மார்டின் ரெட்மெய்ன் அறியவேண்டும். பிரபுக்கள் சபையினரைச் செயின்ட் ஆல்ட்வின் பிரபுவும், நாட்டிலுள்ள கட்சித் தொண்டர்களைப் பூல் பிரபுவும் அவரைச் சேர்ந்தோரும் விசாரிக்கவேண்டும். 17ஆம் நாள் இவர்கள் ஒவ்வொருவராக மருத்துவமனைக்குச் சென்று தாம் கண்டதைச் சொன்னார்கள். எல்லாக் கிளையும் ஒரே கனியைத் தந்தன: ஹியூம் பிரபு! அக்டோபர் 8ஆம் நாள் அமைச்சரவைக் கூட்டத்தில் தாம் போட்டியில் இல்லை என்று சொன்னவர். முதலில் பேசப்பட்ட மூவரில் ஒருவரல்லர். பொதுமக்கள் சபையில் அங்கம் வகிக்காதவர். ஆயினும் எங்கு கேட்டாலும் அவரே என்று விடை வந்ததாக நூலாசிரியர் நமக்குச் சொல்கிறார், அதில் வியக்க ஏதுமில்லை என்னும் பாவனையோடு.

நாம் வியக்கத்தான் வேண்டும். வாக்கெடுப்பு இல்லாமல் கலந்து பேசித் தலைவரைத் தேர்வதில் தன்னளவில் குற்றமில்லை. பல வேளைகளில் அதுவே பண்பட்ட முறையும் ஆகும். ஆனால் கேள்வியை அமைத்தவர் யார், கேட்டவர் யார், விடையைத் தாளில் குறித்தவர் யார், குறித்ததை எடை போட்டவர் யார் என்ற நான்கும் தெரியாதவரை கலந்தாலோசனை என்ற சொல்லுக்குப் பொருளில்லை. 1963இல் இந்த நான்கும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த இடம் பதவி விலகிக்கொண்டிருந்தவரின் கட்டில்.

கேள்வியைப் பாருங்கள். கொறடா ரெட்மெய்னும் அவர் உதவியாளரும் உறுப்பினர்களிடம் கேட்டவை: உமது முதல் விருப்பம் யார்? இரண்டாம் விருப்பம் யார்? யார் வருவதை நீர் எதிர்ப்பீர்? இவற்றோடு, பட்லருக்கும் ஹெயில்ஷமுக்கும் இடையே இழுபறி ஏற்பட்டால் ஹியூம் பிரபுவை ஏற்பீரா என்றும் கேட்கப்பட்டதாக உறுப்பினர் பலர் பின்னர் கூறினர். நம் இல்லங்களில் சம்பந்தம் பேசும்போது இத்தகைய மஷூரா நடப்பதை நாம் அறியாதவர்களா? வீட்டுப் பெரியவர் ஓர் இடத்தை மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார். பிறகு சாச்சாவிடமும் மாமியிடமும் ஆளனுப்பி, "முதல் இரண்டு இடமும் தகையாவிட்டால் இந்த இடத்தை வேண்டாமென்று சொல்லமாட்டீர்களே?" என்று கேட்கச் சொல்கிறார். சாச்சா தலையை ஆட்டுகிறார். மாமி பேசாமல் இருக்கிறார். போனவர் திரும்பி வந்து, "எல்லோருக்கும் பூரண சம்மதம்" என்று சொல்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உண்மை எங்கோ வழியில் தொலைந்துவிட்டது.

எடை போட்டதையும் பாருங்கள். எல்லாருடைய கருத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதையும், எவருடைய நிதானத்தில் தமக்கு நம்பிக்கை அதிகமோ அவருடைய சொல்லுக்குக் கூடுதல் மதிப்பளித்ததையும் ரெட்மெய்ன் பின்னாளில் ஒரு நேர்காணலில் தாமே ஒப்புக்கொண்டார். கொறடாவின் நம்பிக்கையைப் பெற்றவருக்கு ஒன்றரை வாக்கு, பெறாதவருக்கு அரை வாக்கு என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பொருள்? இதைச் சொல்லும்போது தாம் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த வெள்ளையுள்ளம்தான் திகைக்க வைக்கிறது.

வாக்கில்லாத் தேர்வு என்றதும் தமிழர்க்குக் காமராசரின் நினைவு வருவது இயல்பு. ஹியூம் தேர்வுக்கு ஏறக்குறைய ஏழு மாதங்களுக்குப் பின், 1964 மே 27இல் நேரு மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசர் உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் தனித்தனியே கண்டு பேசி, லால் பகதூர் சாஸ்திரியே பெரும்பான்மையோரின் விருப்பம் என்று அறிவித்தார். அங்கும் எண்ணிக்கை வெளியிடப்படவில்லை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. திரட்டியவர் பதவியை விட்டுப் போகிறவர் அல்லர்; அடுத்த நாளும் அதே உறுப்பினர்களின் முகத்தில் விழிக்கவேண்டியவர். 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்து, மொரார்ஜி தேசாய் வாக்கெடுப்பே வேண்டுமென்று நின்றபோது வாக்கெடுப்பும் நடந்தது; இந்திரா காந்தி 355, மொரார்ஜி 169 என்று எண்ணிக்கையும் உலகறிய வெளிவந்தது. டில்லியில் இரண்டாம் முறை வந்த தெளிவு லண்டனுக்கும் வந்தது. அதற்கு ஒரு மதிப்புரை காரணமாயிற்று.

அந்த மதிப்புரையை எழுதியவர் ஐயன் மக்லவுட். ஹியூமின் அமைச்சரவையில் பணியாற்ற மறுத்து வெளியேறியவர். அப்போது 'ஸ்பெக்டேட்டர்' வார ஏட்டின் ஆசிரியர். 1964 ஜனவரி 17ஆம் தேதியிட்ட இதழில், ரண்டால்ஃபின் நூலை மதிப்பிடும் சாக்கில் அவர் எழுதிய கட்டுரை கட்சியைக் குலுக்கிற்று. திறனாய்வு வரலாற்றில் ஒரு மதிப்புரை மதிப்பிட வந்த நூலை விடப் பெரிதாக வளர்ந்துவிட்ட அரிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. நூலின் ஐந்தில் நான்கு பங்கைக் கத்தரிக்கோலும் பசையும் கையில் இருக்கும் எவரும் செய்துவிடலாம் என்றார் மக்லவுட். மிஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு மாக்மில்லனே பிற்பாடு எழுதவிருக்கும் வாழ்க்கை நினைவுகளுக்கு முன்னோட்டம் என்றார். நோயாளியின் அறையில் நடந்தவை நோயாளி சொல்லாமல் நூலாசிரியருக்குத் தெரிந்திருக்க முடியாது என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி. ஒரு நூலைப் படிக்கும்போது இது யாருடைய குரல் என்று கேட்கவேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பித்த மதிப்புரை அரிது.

'மாய வட்டம்' என்ற சொல்லாட்சியை அரசியல் உலகுக்குத் தந்ததும் இக்கட்டுரையே. நாட்டின் நிதியமைச்சருக்கும், பொதுமக்கள் சபையின் ஆளுங்கட்சித் தலைவராயிருந்த தமக்குமே என்ன நடக்கிறதென்று கடைசிவரை தெரியாது. அந்த அளவுக்கு வட்டம் இறுகியிருந்தது என்று எழுதினார் மக்லவுட். முடிவெடுத்ததில் பங்குகொண்டோராக அவர் பெயர் சொன்ன ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஈட்டன் பள்ளியில் படித்தவர்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைத்தார். மருத்துவரின் மகனான மக்லவுட் ஈட்டனில் படித்தவரல்லர். இது வெறும் வயிற்றெரிச்சல் என்று அன்று சிலர் சொன்னார்கள். வயிற்றெரிச்சலும் சில வேளைகளில் கணக்கைச் சரியாகப் போடும்.

ஆனால் மக்லவுட்டின் எழுத்தையும் அப்படியே விழுங்கிவிடலாகாது. அவரும் போராட்டத்தில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவரே. தோற்றவர் எழுதும் வரலாறு, வென்றவர் எழுதும் வரலாற்றைப் போன்றே ஐயத்துக்குரியது. டில்ஹார்ன் தயாரித்த அமைச்சரவைக் கணக்கு பிற்காலத்தில் வெளிவந்தது: ஹியூமுக்குப் பத்து, மாட்லிங்குக்கு நான்கு, பட்லருக்கு மூன்று, ஹெயில்ஷமுக்கு இரண்டு. அந்தப் பத்தில் ஒருவர் யார் தெரியுமா? ஐயன் மக்லவுட்! ஹியூமின் அமைச்சரவையே வேண்டாமென்று உதறிவிட்டுப் போனவர் ஹியூமின் ஆதரவாளராகக் குறிக்கப்பட்டிருக்கிறார். டில்ஹார்ன் காதில் தவறாக விழுந்ததா, விழ விரும்பியதே விழுந்ததா, அல்லது மக்லவுட்டே வேறொரு திட்டத்தோடு அந்த நேரத்தில் ஹியூமின் பெயரைச் சொல்லித் தொலைத்தாரா என்று ஆய்வாளர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். மக்லவுட் 1970 ஜூலையில், நிதியமைச்சராகி ஒரே மாதத்தில் இறந்துபோனார். டில்ஹார்னும் இல்லை. இனி யாரைக் கேட்பது? ஒரு சிறு தாளில் தம் கையால் ஒரு பெயரை எழுதி மடித்துப் போட்டிருந்தால் அறுபதாண்டு ஆராய்ச்சிக்கு வேலையே இருந்திராது.

17ஆம் நாள் இரவு நடந்ததைப் படிக்கும்போது நாடகம் பார்ப்பதுபோல் இருக்கிறது. முடிவு ஹியூமின் பக்கம் சாய்கிறதென்ற செய்தி கசிந்ததும், சுகாதார அமைச்சர் இனாக் பவலின் வீட்டில் மக்லவுட், மாட்லிங் முதலியோர் கூடினர். ஹெயில்ஷமும் தொலைபேசியில் பேசினார். போட்டியாளரில் இருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்துப் பட்லரை ஏற்க இசைந்தார்கள். கொறடாவை வரவழைத்து இதைச் சொல்லியும் விட்டார்கள். அதாவது, எந்த இழுபறியைக் காரணம் காட்டி ஹியூமைப் பற்றிக் கேட்கப்பட்டதோ, அந்த இழுபறி அந்த இரவில் தீர்ந்துவிட்டது. ஆனால் மறுநாள் 18ஆம் தேதி காலையிலேயே மாக்மில்லனின் விலகற் கடிதம் அரண்மனைக்குப் போயிற்று. பதினொரு மணியளவில் எலிசபெத் அரசியாரே மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலில் இருந்தபடியே தாம் எழுதுவித்த குறிப்பை மாக்மில்லன் அவருக்கு வாசித்துக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் பிரதமர் அல்லர். பதவி இழந்தவர் அளித்த ஆலோசனையை ஏற்க அரசியாருக்குக் கடமையில்லை. வேறெவரையும் அரசியார் கேட்கவும் இல்லை. அன்றே ஹியூம் அழைக்கப்பட்டார்; 19ஆம் நாள் பிரதமரானார்.

இந்தப் பவல்தான் 1968இல் கறுப்பு, பழுப்பு நிறக் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கிய உரையால் பெயர் கெட்டவர். உருது கற்றவர், இந்தியாவில் போர்க்காலப் பணி புரிந்தவர். 1963இல் அவர் நின்ற பக்கம் நியாயமான பக்கமாய் இருந்தது என்பதை அவருடைய பிற்காலத்தை வெறுப்பவர்களும் மறுக்கலாகாது. மனிதர்களை ஒரே நிறத்தில் தீட்டும் வசதி வரலாற்றாசிரியனுக்கு இல்லை.

பட்லரைப் பற்றி என்ன சொல்வது? இன்றைய பாகிஸ்தானிலுள்ள அட்டக்கில் 1902இல் பிறந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரியின் மகன், 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கொண்டுசெலுத்தப் பாடுபட்டவர், 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் தம் நாட்டில் நிலைத்த புகழ் பெற்றவர். 1957இல் ஒருமுறை அவரைத் தாண்டிப் போன பிரதமர் பதவி, 1963இல் அவர் வாசற்படியில் வந்து நின்றது. "நான் ஹியூமின்கீழ் பணியாற்றமாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹியூமால் அரசு அமைத்திருக்க முடியாது. சொல்லவில்லை. வெளிநாட்டமைச்சர் பதவியைப் பெற்றுக்கொண்டு அமைந்துவிட்டார். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அவர் கையில் நாங்கள் கொடுத்தோம், அவர் சுட மறுத்துவிட்டார் என்ற கருத்தில் பவல் பின்னாளில் பேசினார். 1971இல் பட்லர் வெளியிட்ட வாழ்க்கை நினைவு நூலில் இந்தப் பத்து நாள்களைப் பற்றிக் கசப்பைத் தேடுபவர் ஏமாறுவர். கட்சியைப் பிளக்க மனமில்லாத பெருந்தன்மையா, முடிவான நொடியில் கை நடுங்கும் இயல்பா? இரண்டும் கலந்தது என்றே தோன்றுகிறது. தமக்கு மட்டும் அநீதி இழைக்கப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மை. ஆனால் அங்கே அநீதிக்குள்ளானது முறை. முறை தவறியதை ஒருவர் தம் சொந்த நஷ்டமாக மட்டும் கருதி மன்னித்துவிட முடியுமா? ரண்டால்ஃப் அவரை ஏளனம் செய்கிறார். மக்லவுட் அவருக்காக வழக்காடுகிறார். இந்தக் கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

மாக்மில்லன் தம் நினைவுகளின் இறுதித் தொகுதியை 1973இல் வெளியிட்டார். ரண்டால்ஃபின் நூலை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் முன்னோட்டம் என்று மக்லவுட் சொன்னதன் பொருள் விளங்கும். நாட்குறிப்புகளும் குறிப்புகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. எல்லாம் முறைப்படி நடந்தது என்ற அமைதி பக்கந்தோறும் நிலவுகிறது. ஆவணம் மிகுதி, ஐயம் இல்லை. அவர் உயிருக்கு ஆபத்தென்று அஞ்சிய நோய் புற்றுநோய் அல்ல என்பதும், அதன்பின் இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1986 டிசம்பரில்தான் காலமானார் என்பதும் நூலுக்கு வெளியேயுள்ள செய்திகள்.

ஹியூமுக்குச் செய்யவேண்டிய நியாயத்தையும் செய்துவிடவேண்டும். அவர் சூழ்ச்சிக்காரர் அல்லர். பதவிக்கு அலைந்தவர் என்று எதிரிகளும் சொல்லவில்லை. அக்டோபர் 23இல் தம் பட்டத்தைத் துறந்து, நவம்பர் 7இல் ஸ்காத்லாந்தின் கின்ராஸ் தொகுதி இடைத்தேர்தலில் வெல்லும்வரை, இரண்டு சபையிலும் இல்லாத பிரதமராக ஏறத்தாழ இரண்டு வாரம் இருந்தார். அவருக்காகப் பாராளுமன்றம் கூடுவதே நவம்பர் 12 வரை தள்ளிவைக்கப்பட்டது. பதினான்காம் பிரபு என்று எதிர்க்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் எள்ளியபோது, அவரும் பதினான்காம் வில்சனாகத்தான் இருப்பார் என்று சிரித்துக்கொண்டே விடையளிக்கும் பக்குவமும் அவரிடம் இருந்தது. 1964 அக்டோபர் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி பெற்ற பெரும்பான்மை வெறும் நான்கு. வேறொருவர் தலைவராயிருந்தால் கன்சர்வேடிவ் கட்சி வென்றிருக்குமா என்பது யாரும் விடை காணமுடியாத கேள்வி. ஆனால் அடுத்து அவர் செய்த காரியம் ஐயத்துக்கு இடமற்றது. தம்மைப் பிரதமராக்கிய முறையைத் தாமே குழிதோண்டிப் புதைத்தார்! 1965 பிப்ரவரியில், கட்சித் தலைவரைப் பாராளுமன்ற உறுப்பினர் வாக்களித்துத் தேர்வது என்ற விதிகளை வெளியிட்டார். ஜூலை 22இல் விலகினார். ஐந்தே நாள்களில் வாக்கெடுப்பு: எட்வர்டு ஹீத் 150, மாட்லிங் 133, பவல் 15. மாட்லிங் தோல்வியை ஏற்று விலகிக்கொண்டார். மாய வட்டம் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. ஹியூம் 1976இல் எழுதிய நினைவு நூல் இலேசான நகைச்சுவையுடன் ஓடுவது. மீன்பிடித்தலும் வேட்டையும் அரசியலும் அதில் அடுத்தடுத்து வரும். இந்நூல்களிலெல்லாம் படிக்க இனியது அதுவே.

அப்படியானால் வாக்குச்சீட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1998இல் செய்த மாற்றத்தால் இறுதி இருவரில் ஒருவரைத் தேர்வது கட்சியின் சாதாரண உறுப்பினர் கைக்குப் போயிற்று. 2022 ஜூலையில் போரிஸ் ஜான்சன் விலக நேர்ந்தபோது, பாராளுமன்ற உறுப்பினரின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக் 137, லிஸ் டிரஸ் 113, பென்னி மோர்டன்ட் 105. ஆனால் செப்டம்பர் 5இல் அறிவிக்கப்பட்ட கட்சி உறுப்பினர் வாக்கில் டிரஸ் 81,326, சுனக் 60,399. தம்முடன் சபையில் அமர்ந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கினரின் ஆதரவுகூட இல்லாமல் பிரதமரான டிரஸ், அக்டோபர் 20இல் விலகல் அறிவிப்புச் செய்தார். நான்கு நாளில் சுனக் போட்டியின்றித் தலைவரானார். நூறு உறுப்பினர் முன்மொழிய வேண்டுமென்ற நிபந்தனையை வேறெவரும் நிறைவேற்றிப் போட்டியில் நிற்கவில்லை. நூறு என்ற எண்ணையும் யாரோ ஒரு சிலர் அமர்ந்துதானே நிர்ணயித்தார்கள்? கேள்வியை அமைப்பவர் யார் என்ற பழைய கேள்வி வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமையைக் குறிக்கவேண்டும்: நிபந்தனை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, 137, 113, 105 என்பவற்றை எவரும் கூட்டிப் பார்க்கலாம், அந்தப் பிழை யாருடையது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. டில்ஹார்னின் பத்து, நான்கு, மூன்று, இரண்டை அன்று யாராலும் கூட்டிப் பார்க்க முடியவில்லை.

ரண்டால்ஃப் 1968இல் மறைந்தார். அவர் நூலின் பழைய பிரதிகள் கிடைத்தால் மக்லவுட்டின் மதிப்புரையை முதலில் படித்துவிட்டு நூலைப் பிறகு படிப்பதே நலம். பிளாக்பூல் ஆரவாரமும் பத்திரிகைத் தலையங்கங்கள்மீதான ஏச்சும் நிறைந்த பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம். மருத்துவமனை அறை வரும் பக்கங்களில் மட்டும் நின்று, வரிக்கு வரி, இதை இவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.